மகன் அப்பாவுக்கு, மகள் அம்மாவுக்கு என்று எழுதிய பத்திரம் செல்லுமா?

கேள்வி: எனக்கு 33 வயது. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு நாலரை. கணவர் திருப்பூரில் சொந்தமாகப் பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். அடிதடி எதுவும் இல்லை. ஆனால் சேர்ந்து வாழ இருவருக்குமே விருப்பமில்லை. ஏழு மாதத்துக்கு முன் பிள்ளைகளோடு திருச்சியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு பேரையும் இங்கேயே பள்ளியில் சேர்த்திருக்கிறேன். நானும் ஒரு பள்ளி அலுவலகத்தில் 14,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, மகன் அப்பாவிடம், மகள் என்னிடம் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். "பையனுக்கு அஞ்சு வயசு முடியட்டும், கூட்டிட்டுப் போயிடுவேன், உன் சம்பளத்துல அவனை வளர்க்க முடியுமா?" என்கிறார் கணவர். பணம் எதுவும் தருவதில்லை. பிள்ளைகளைப் பார்க்க வந்தால் விடலாமா, வெளியே அழைத்துப்போனால் திருப்பி அனுப்புவாரா என்று பயமாக இருக்கிறது. மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பத்திரம். அது உங்களையும் கட்டாது, நீதிமன்றத்தையும் கட்டாது. நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும் இதுதான் நிலை. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று பெற்றோர் பேசி முடிவெடுக்கலாம். ஆனால் அந்த முடிவு பிள்ளைக்கு நல்லதா என்று பார்த்து ஒரு நீதிமன்றம் உத்தரவாகப் போட்டால்தான், மீறுகிறவரை யாரும் கேள்வி கேட்க முடியும். 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று சொன்னது. சொத்துப் பாகப்பிரிவினை போல ஆளுக்கு ஒரு பிள்ளை என்று எழுதிய தாள் அந்த ஒரு வரியின் முன்னால் நிற்காது.

ஆனாலும் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். "அவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்" என்று உங்கள் கணவர் அதன் நகலை நீதிமன்றத்தில் கொடுப்பார். எந்தத் தேதியில், யார் யார் இருக்கும்போது, எந்தச் சூழலில் கையெழுத்திட்டீர்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் மனுவில் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து, எதிர்த்தரப்பு காட்டிய பிறகு விளக்கம் சொல்வது உங்கள் நம்பகத்தன்மையைக் குறைக்கும். இன்னொன்று: அந்தத் தாள் விவாகரத்தும் ஆகாது. அதை நம்பி இருவரில் யாரும் மறுமணம் செய்துவிடக் கூடாது.

அடுத்து, ஐந்து வயதுக் கணக்கு. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனாரிட்டி மற்றும் கார்டியன்ஷிப் சட்டம் (18 வயது நிரம்பாதவர்கள், அவர்களின் பாதுகாவலர் பற்றியது), 6-ஆம் பிரிவில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ஊரில் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அதை வைத்தே பெண்களைப் பயமுறுத்துகிறார்கள். ஐந்துக்குப் பிறகு நீதிமன்றம் பார்ப்பது அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவை: குழந்தையின் நலனே முதன்மை. அதே 6-ஆம் பிரிவு தகப்பனை முதலிலும், "அவருக்குப் பிறகு" தாயையும் இயற்கைப் பாதுகாவலர் (பிறப்பாலேயே பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பானவர்) என்று சொல்வதைக் காட்டியும் வாதம் வரும். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியும் என்று அந்த வார்த்தைகளுக்கு விளக்கம் தந்துவிட்டது.

சம்பளம் குறைவு என்பதும் உங்களைத் தோற்கடிக்காது. நலன் என்பதைப் பணத்தால் மட்டும் அளப்பதில்லை. காலையில் யார் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுக்கிறார்கள், நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளை இப்போது எந்த இடத்தில் நிலைகொண்டிருக்கிறான் – இவைதான் கேள்விகள். பண வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் ஜீவனாம்சம் என்ற ஏற்பாடே இருக்கிறது. அக்காவையும் தம்பியையும் பிரிப்பதற்கும் நீதிமன்றங்கள் எளிதில் இசைவதில்லை. பெற்றோர் பிரிகிற நேரத்தில் அந்தக் குழந்தைகளுக்கு மிஞ்சுகிற ஒரே மாறாத துணை அவர்கள் இருவரும்தான். இதை உங்கள் மனுவில் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் தயங்கிக் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன்: பார்க்க விடலாமா? விடுங்கள். அடிதடி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிள்ளைகளுக்கு அவரால் ஆபத்து என்றும் சொல்லவில்லை. அப்படியிருக்க, தகப்பனைப் பார்க்க விடாமல் வைத்திருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். வழக்கிலும் அது உங்களையே திருப்பி அடிக்கும். பிள்ளையின் மனதில் மற்றவரைப் பற்றி வெறுப்பை வளர்ப்பவர் யார், உறவைக் காப்பாற்ற முயல்பவர் யார் என்பதை நீதிபதிகள் கவனித்துப் பார்க்கிறார்கள். யஷிதா சாஹு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவரோடு நேரில் பார்க்கவும் தினமும் போனிலோ வீடியோ காலிலோ பேசவும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பணம் தராதவருக்குப் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்பதும், பிள்ளையைக் காட்டாதவளுக்குப் பணம் தரமாட்டேன் என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். ஒன்றுக்கு ஒன்றைப் பிணையாக வைக்க எந்த நீதிமன்றமும் சம்மதிக்காது.

ஆனால் உங்கள் பயமும் நியாயமானதே. உத்தரவு எதுவும் இல்லாத இந்தக் காலத்தில் அவர் மகனைத் திருப்பூருக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டால், காவல் நிலையத்தில் "அவரும் அப்பாதானே, கோர்ட்டுக்குப் போங்கம்மா" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதனால் இடைக்கால உத்தரவு வரும்வரை சந்திப்பு பகலில், உங்கள் ஊரிலேயே நடக்கட்டும். "ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை, இந்த இடத்தில்" என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மரியாதையான, சுருக்கமான செய்தியாக இருக்கட்டும். பழைய சண்டை எதுவும் அதில் வேண்டாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு செய்தியையும் ஒரு நாள் நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். இரவு தங்கலை உத்தரவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே மனுப் போடுவது? பிள்ளைகள் வழக்கமாக வசிக்கும் இடத்தில் உள்ள நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்லும், 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இது. ஏழு மாதமாகத் திருச்சியில் வசிப்பதும், அங்கேயே பள்ளியில் படிப்பதும் உங்களுக்குச் சாதகம். திருச்சி குடும்ப நல நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். இந்த வகை மனுவை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். அதோடு சேர்த்தே, அதே 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் இடைக்கால மனு ஒன்றைப் போடச் சொல்லுங்கள்: முடிவாகும்வரை இரு பிள்ளைகளும் உங்களிடம் இருக்கவும், நீதிமன்ற அனுமதியின்றி யாரும் அவர்களை மாவட்டத்தை விட்டோ நாட்டை விட்டோ கொண்டுபோகக் கூடாது என்றும் கேட்டு. அதே மனுவில் தகப்பன் பார்க்கும் நாள், நேரத்தை நீங்களே முன்மொழியுங்கள். தாயே முன்வந்து சந்திப்பு நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்பது முதல் வாய்தாவிலேயே வழக்கின் தொனியை மாற்றும்.

விவாகரத்து வழக்கு ஏதாவது நடந்தால் இதற்குத் தனி மனுத் தேவையில்லை. இந்துத் திருமணச் சட்டம் 1955-இன் 26-ஆம் பிரிவில், அந்த வழக்குக்குள்ளேயே பிள்ளைகளின் பொறுப்பு, செலவு, படிப்பு மூன்றுக்கும் உத்தரவு வாங்கலாம். ஆனால் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு 13-பி பிரிவின்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை காத்திருந்தால் இடையில் மகனுக்கு ஐந்து வயது வரும், அந்த மிரட்டலும் கூடவே வரும். ஆகையால் பிள்ளைகள் மனுவை இப்போதே போடுங்கள். ஓராண்டு முடிந்ததும் இருவரும் சம்மதித்தால், இதில் வந்த ஏற்பாட்டையே விவாகரத்து மனுவில் சேர்த்துக்கொள்ளலாம். (கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலும், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு அதன் 38-ஆம் பிரிவிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. 1890-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது.)

அவர் முந்திக்கொண்டு திருப்பூரில் மனுப் போட்டு உங்களுக்குச் சம்மன் வந்தால், "என் பிள்ளைகள் திருச்சியில் இருக்கிறார்கள், அது செல்லாது" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைத் தீர்ப்பு, ஆகிவிடும். ஆஜராகி, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று பதில் மனுவில் சொல்லவும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் இடமாற்ற மனுப் போடவும் வழி இருக்கிறது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டாலும், அதை நீக்கக் கேட்கும் மனுவுக்கு முப்பது நாள்தான் கால வரம்பு.

பணம். பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை கேட்க விவாகரத்தோ, மேலே சொன்ன மனுவோ முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இதற்கு உதவிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே இந்த மனுவைப் போடலாம். இடைக்காலத் தொகைக்கான மனுவைக் கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், இருந்தாலும் அந்த வரியைச் சுட்டிக்காட்டிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரஜ்னேஷ் – நேகா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான விஷயங்களை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. ஒன்று, கணவன் மனைவி இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு, தொகை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் திரும்ப வராது.

சொந்தத் தொழில் செய்பவரின் வருமானத்தை நிரூபிப்பதுதான் இந்த வழக்குகளில் கடினமான பகுதி. மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு போதும். யூனிட் வைத்திருப்பவர் "நஷ்டத்தில் ஓடுகிறது" என்றுதான் எழுதுவார். உங்களுக்குத் தெரிந்ததைத் திரட்டுங்கள்: யூனிட்டின் ஜி.எஸ்.டி. எண், எத்தனை தையல் மெஷின், எத்தனை ஆட்கள், மின் இணைப்பு யார் பெயரில், எந்த வங்கியில் கடன் வாங்கி மாதத் தவணை எவ்வளவு கட்டுகிறார், வண்டிகளின் ஆர்.சி., வாடகை ஒப்பந்தம், உங்கள் கணக்குக்கு முன்பு அனுப்பிய பணப் பரிமாற்றங்கள். மாதம் 40,000 ரூபாய் தவணை கட்டுகிறவர் 15,000 ரூபாய்தான் வருமானம் என்று சொன்னால், அந்த முரண் போதும். அவருடைய போனையோ மெயிலையோ ரகசியமாகத் திறந்து எடுக்காதீர்கள். ஆவணங்களை வரவழைக்க நீதிமன்றத்திடமே மனுப் போடலாம்.

உங்கள் பக்கத்துச் செலவுக் கணக்கும் நேர்மையாக இருக்கட்டும். பள்ளிக் கட்டணம், வேன், நோட்டுப் புத்தகம், சீருடை, மருத்துவம், டியூஷன், வீட்டு வாடகையிலும் மளிகையிலும் பிள்ளைகளின் பங்கு என்று மாதவாரியாக, ரசீதோடு எழுதுங்கள். இரண்டு மடங்காக்கி எழுதினால் பாதியாவது கிடைக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு தொகை பொய்யென்று தெரிந்தாலும் மீதி எல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உத்தரவு வந்த பிறகும் தராவிட்டால், பாக்கியை வசூலிக்கவும், வாரண்ட் கேட்கவும் மனுப் போடலாம். மாதத் தவணை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம்வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுப் பாக்கியைச் சேர்த்து ஒரே தடவையாகக் கேட்கலாம் என்று விட்டுவிட்டுப் பழைய மாதங்களை இழந்தவர்கள் நிறைய.

குடும்ப நல நீதிமன்றத்தில் முதலில் கவுன்சலிங், பிறகு சமரச மையம் என்று அனுப்புவார்கள். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி சமரசத்துக்கு முயல்வது அந்த நீதிமன்றத்தின் கடமை. அதைச் சடங்காக நினைத்துக் கடத்திவிடாதீர்கள். பிள்ளைகள் விஷயத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல முடிவு பெரும்பாலும் அந்த அறையில்தான் உருவாகும். உங்கள் மகளுக்கு 9 வயது என்பதால் நீதிபதி அவளைத் தனியாகச் சந்தித்துப் பேசலாம். கருத்துச் சொல்லும் பக்குவம் இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். இத்தனை வயது என்று சட்டம் வரையறுக்கவில்லை. அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "ஜட்ஜ் ஆன்ட்டி கேட்டா உனக்குத் தோணுறதைச் சொல்லு, எதைச் சொன்னாலும் அம்மாவுக்குக் கோபம் வராது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பெரியவர்கள் பேசும் வாக்கியம் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் எதிரில் இருப்பவருக்கு உடனே தெரியும். அதைவிட, யார் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பாரத்தை அந்தக் குழந்தையின் தலையில் வைத்துவிட்டால் அது வழக்கோடு இறங்காது.

சமரசத்தில் இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடும் ஜாயின்ட் மெமோதான் இனி வரும் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகளுக்கு உங்கள் வீட்டின் நாள்காட்டி. அதில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வழக்கமாக எழுதப்படும் வரி இது: "எதிர்மனுதாரர் நியாயமான நேரங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம்." எது நியாயமான நேரம்? அவருக்கு யூனிட் முடிந்து ராத்திரி ஒன்பது மணி நியாயம். உங்களுக்கு அது மகன் தூங்கும் நேரம். மூன்றாவது மாதமே சண்டை. அந்த வரியை வைத்து மீறல் என்று யார் மீதும் மனுப் போட முடியாது, ஏனென்றால் மீறுவதற்கு அதில் எதுவுமே இல்லை.

இப்படி எழுதுங்கள்: "ஒவ்வொரு மாதமும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு, தாயின் வீட்டு வாசலில் தந்தை நேரில் வந்து இரு பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல வேண்டும், ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வர முடியாவிட்டால் வெள்ளி மாலை 6 மணிக்குள் செய்தி அனுப்ப வேண்டும். பிள்ளைக்கு உடல்நலமில்லை என்றால் மருத்துவரின் சீட்டை அனுப்பிவிட்டு, அடுத்து வரும் சனி ஞாயிறில் ஈடுசெய்ய வேண்டும்." திருச்சியும் திருப்பூரும் சில மணி நேரப் பயணத் தூரம். நாலரை வயதுப் பையனை ஒரே நாளில் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவரச் சொன்னால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். ஆகவே தொடக்கத்தில் மூன்று மாதம் திருச்சியிலேயே பகல் சந்திப்பு, பிறகு ஒரு இரவு தங்கல், அடுத்த கோடை விடுமுறையில் தொடர்ந்து ஒரு வாரம் என்று படிப்படியாக ஏற்றலாம். எந்தத் தேதியில் எந்தப் படி என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளைப் பாதி பாதியாகப் பிரியுங்கள். முதல் பாதி யாருக்கு என்று எழுதுங்கள். பொங்கலும் தீபாவளியும் இரட்டைப்படை ஆண்டில் ஒருவரிடம், ஒற்றைப்படை ஆண்டில் மற்றவரிடம். பிறந்தநாளன்று யாரிடம் இல்லையோ அவருக்கு இரண்டு மணி நேரம். வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, துக்கம் போன்றவற்றுக்கு நாள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எழுத்தில் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி. போன் பேச்சுக்கு இரவு 7 முதல் 7.30 என்று நேரம் குறித்து, பக்கத்தில் நின்று ஸ்பீக்கரில் கேட்கக் கூடாது என்றும் சேருங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். பாதிச் சண்டை இதில்தான் வருகிறது.

பள்ளிப் பதிவேட்டில் இருவர் பெயரும் எண்ணும் இருக்கட்டும், பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் போகலாம், டி.சி. வாங்க மற்றவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும். பள்ளியிலிருந்து பிள்ளையை யார் அழைத்துச் செல்லலாம் என்ற பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அவசர சிகிச்சைக்கு அருகில் இருப்பவர் கையெழுத்துப் போடலாம், மற்றவருக்கு உடனே சொல்ல வேண்டும். திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைக்கு இருவர் சம்மதம். இருவரில் யார் வேறு ஊருக்குக் குடிபோனாலும் 60 நாள் முன்னறிவிப்பு.

தொகையை வங்கிக் கணக்கு வழியாக ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் என்று எழுதுங்கள். கையில் வாங்கும் பணத்துக்குச் சாட்சி இல்லை. ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏறும் என்பதை இப்போதே நிர்ணயிக்காவிட்டால், மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போதும் இன்றைய தொகைதான் வரும், உயர்த்தக் கேட்டு மறுபடி மனு. பள்ளிக் கட்டணத்தை அவரே நேரடியாகப் பள்ளிக்குக் கட்டுவது நல்ல ஏற்பாடு. 18 வயதில் பொறுப்பு உத்தரவு முடிந்துவிடும், ஆனால் கல்லூரிச் செலவு அப்போதுதான் தொடங்கும்; பட்டப்படிப்பு முடியும்வரை யார் எவ்வளவு என்று ஒரு வரி அவசியம். மகளுக்கு, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத நிலையில், திருமணம்வரை பராமரிப்புக் கேட்கும் உரிமை 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் தனியாக உண்டு. "பிள்ளைகளுக்கு எதுவும் கேட்க மாட்டேன்" என்று மட்டும் எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குரியதை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைகளுக்குரியதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை. அப்படிப் போட்ட கையெழுத்தைக் காட்டிப் பல ஆண்டு இழுத்தடிப்பார்கள்.

பிள்ளைகள் வளர வளர இந்த ஏற்பாடு பொருந்தாமல் போகும். அதற்கு வழி அடைபடவில்லை. பொறுப்பு பற்றிய உத்தரவு எதுவும் கடைசி உத்தரவு அல்ல. சூழ்நிலை மாறினால் அதே நீதிமன்றத்தில் மாற்றம் கேட்கலாம். 2010-இல் விக்ரம் வீர் வோரா வழக்கில், சம்மத விவாகரத்தில் எழுதிக்கொண்ட சந்திப்பு ஏற்பாட்டையே, தாய் வேலைக்காக ஆஸ்திரேலியா செல்ல வேண்டியிருந்தபோது மாற்றியமைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பிற்காலத்தில் நீங்கள் மறுமணம் செய்துகொண்டாலும் அந்த ஒரு காரணத்துக்காகவே பிள்ளைகள் போய்விட மாட்டார்கள். புது வீட்டில் அவர்கள் நலமாக இருக்கிறார்களா என்பதுதான் கேள்வியாகும்.

உத்தரவு வந்த பிறகு அவர் பிள்ளையைக் குறித்த நேரத்தில் ஒப்படைக்காவிட்டால், ஒரு தடவை தாமதத்துக்கெல்லாம் நீதிமன்றம் ஓட வேண்டாம். நாள், நேரம், என்ன நடந்தது என்று நோட்டில் குறியுங்கள், அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். தொடர்ந்தால் வழக்கறிஞர் நோட்டீஸ், அதன் பிறகு அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு. பிள்ளையையே திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் உடனே செயல்படுங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (பிள்ளையை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்பது) போட முடியும் என்று 2019-இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. புது இடத்தில் பிள்ளை எவ்வளவு காலம் பழகிவிடுகிறானோ, அவ்வளவு கடினம் திரும்ப அழைப்பது.

ஒரு எச்சரிக்கை. வழக்கு சூடுபிடித்ததும், நடக்காத அடியையும் பாலியல் புகாரையும் சேர்த்து எழுதலாம் என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். கேட்காதீர்கள். குழந்தையை மருத்துவரிடமும் போலீஸிடமும் கொண்டுபோய் நிறுத்தும் வேலை அது; பொய்யென்று தெரிந்தால் பொறுப்பே கைமாறிப் போகலாம். உண்மையிலேயே வன்முறை இருக்கும் வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவும், 21-ஆம் பிரிவில் பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பும் கேட்கலாம், அங்கே தகப்பன் பார்ப்பதையே நிறுத்திவைக்கவும் முடியும். இந்தப் பதிலில் சந்திப்பு பற்றி நான் சொன்ன எதுவும் அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் பெண்களுக்குப் பொருந்தாது. அவர்கள் பெண்கள் உதவி எண் 181-ஐயும், குழந்தைக்கு ஆபத்தென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கட்டும்.

பாஸ்போர்ட் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சிறுவரின் விண்ணப்பத்தில் சாதாரணமாகப் பெற்றோர் இருவரும் உறுதிமொழி தர வேண்டும். ஆனால் மற்றவரின் சம்மதம் கிடைக்காத நிலையில் ஒருவரே காரணம் காட்டி விண்ணப்பிக்கவும் படிவம் இருக்கிறது. ஆகவே உங்களுக்குத் தெரியாமலே நடக்க வாய்ப்புண்டு. மனுத் தாக்கலானதும், வழக்கு எண்ணோடு, "என் சம்மதமின்றி இந்தக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வழங்க வேண்டாம்" என்று திருச்சி, கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள் இரண்டுக்கும் ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். இடைக்கால உத்தரவு வந்ததும் அதன் சான்றிட்ட நகலையும் அனுப்புங்கள். பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப நாடுகளுக்கிடையே 1980-இல் ஏற்பட்ட ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. போன பிறகு மீட்பது, போவதற்கு முன் தடுப்பதைவிடப் பன்மடங்கு சிரமம்.

வழக்கறிஞர் கட்டணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் அந்தக் கவலை இல்லாமல் இருக்காது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். போகும்போது திருமணச் சான்று, இரு பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் ஆதாரும், பள்ளி போனஃபைட் (அங்கே படிப்பதற்கான சான்று), கட்டண ரசீதுகள், தடுப்பூசி அட்டை, உங்கள் சம்பளச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், கணவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி, அந்த முத்திரைத்தாளின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எதற்கும் அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலைக் கொடுத்து, அசலைக் காட்டினால் போதும்.